நான்காம் தலைமுறைக்கு ஓர் இடம்

நூறு பேர் விண்ணப்பித்தால் எல்டர்மியர் கல்லூரி நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளும். மீதித் தொண்ணூற்றாறு பேருக்கும் ‘உங்கள் திறமையைக் கண்டு வியந்தோம்’ என்று ஒரே கடிதம் போகும். ஆனால் அப்பனோ பாட்டனோ அங்கே படித்திருந்தால் கதையே வேறு. அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் உள்ளே. இதைச் சலுகை என்று சொன்னால் கல்லூரிக்குக் கோபம் வந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் ஒருமுறை அப்படி எழுதித் தொலைத்தார்கள். உடனே ‘பழைய மாணவர் குடும்ப முன்னுரிமைப் பிரிவு’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு, ‘குடும்பத் தொடர்ச்சி அலுவலகம்’ என்று புதிதாக ஒன்றை மாட்டினார்கள். உள்ளே அதே நாற்காலி, அதே பீரோ, அதே அதிகாரி திருமதி விட்லாக்.

ரோலண்ட் லவோய்க்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த எல்டர்மியர் தரைக்குக் கீழே இருந்தது. கல்லூரியின் அறுபத்திரண்டு கட்டடங்களுக்கும் குளிர்காலத்தில் நீராவி அனுப்பும் பாய்லர் அறையில் அவருக்கு வேலை. அதே அறையில் அவர் தாத்தா 1934 முதல் 1971 வரை நிலக்கரி அள்ளினார். அப்பா 1968 முதல் 2003 வரை வால்வு திருகினார். இவர் 1996இல் சேர்ந்தவர், இன்னும் மேலே வரவில்லை.

மேலே போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் மகள் எலிஸ். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பனிக்காகப் பள்ளிக்கூடத்தை மூடிய ஒரு நாளில், வீட்டில் தனியாக விட முடியாமல் அப்பா வேலைக்குக் கூட்டிப்போனார். குன்றின் மேலுள்ள வானாய்வுக் கூடத்தில் ரேடியேட்டர் பழுது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அப்பா குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பேராசிரியை சும்மா நின்ற பெண்ணைத் தூக்கித் தொலைநோக்கிக்கு முன் நிறுத்தினார். சனிக்கிரகமும் அதன் வளையமும் தெரிந்தன. அவ்வளவுதான், பெண் அன்றே மனதைப் பறிகொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பதினேழு வயதுவரை ஒரே பாட்டு: எல்டர்மியரில் சேர வேண்டும், அந்தக் கூடத்தில் படிக்க வேண்டும். மதிப்பெண்ணிலும் குறைவில்லை. கணக்கு வாத்தியாரே அவளிடம் சந்தேகம் கேட்பார்.

“அப்பா, ஒண்ணு மட்டும். நீ யார்கிட்டயும் போய் என் பொண்ணு, என் பொண்ணுன்னு சொல்லக் கூடாது. நானே உள்ள போறேன்.”

“நான் சொன்னா கேக்கறதுக்கு அங்க யாருடி இருக்கா?” என்றார் ரோலண்ட்.

விண்ணப்பத்தில் பெற்றோர் நிரப்ப ஒரு பக்கம் இருந்தது. கல்லூரியோடு தொடர்புள்ள உறவினர், ஆண்டுகள், குறிப்பு. ரோலண்ட் நேர்மையான மனிதர். மூன்று பேரையும் வரிசையாக எழுதி, குறிப்பில் ‘பாய்லர் வேலை’ என்றும் மூன்று முறை எழுதினார். கல்லூரியின் கம்ப்யூட்டர் ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. குறிப்பை வாங்க அதில் கட்டம் கிடையாது. தொடர்புள்ள குடும்பம் என்றால் படித்த குடும்பம்தான். வேறு எந்த மாதிரி மனிதர்கள் அங்கே நூறாண்டாக நடமாடுகிறார்கள் என்று யாரும் யோசித்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி. எல்டர்மியர் ஓர் இடம் கொடுத்தால் அதை ஏற்றே தீருவேன், மற்றக் கல்லூரி விண்ணப்பங்களை எல்லாம் அன்றே திரும்பப் பெறுவேன். மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணத்தில்கூட இவ்வளவு கறார் கிடையாது. மூன்று பேரும் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் தடித்த காகிதத்தில் உறை வந்தது. ‘மூன்று தலைமுறை எல்டர்மியர் குடும்பமான லவோய் குடும்பத்தாரை’ மதிய விருந்துக்கு அழைத்திருந்தார் திருமதி விட்லாக்.

“வேலைக்காரங்களுக்கு விருந்து வைக்கறாங்க போல. முப்பது வருஷத்துல இதான் முதல் தடவை,” என்றார் ரோலண்ட். மனைவி பாலின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். “ஓசிச் சோறுன்னா போயிட்டு வா” என்றாள்.

அவர் ஷிஃப்டுக்கு நடுவில் அப்படியே போனார். இரண்டு முழங்கையும் பிய்ந்த ஸ்வெட்டர், அடி வாய் பிளந்த பூட்ஸ், கதவைக் கம்பியால் கட்டிய இருபத்திரண்டு வயதுக் குட்டி லாரி. அங்கேதான் வந்தது வினை. வேறு ஊரில் இந்தக் கோலத்தோடு போனால் வாசலிலேயே விரட்டுவார்கள். எல்டர்மியர் இருக்கும் கடலோரத்துப் பழம்பணக்காரர்களின் சட்டம் தலைகீழ். புதுக் கார் வைத்திருப்பவன் வெறும் பல் வைத்தியன். பளபளப்பான சட்டை போட்டவனுக்குப் போன தலைமுறையில்தான் பணம் வந்திருக்கும், பாவம். உண்மையான பெரிய வீட்டுக்காரனின் சட்டைக் கழுத்து நைந்திருக்கும், கார் இருக்கையில் நாய் முடி இருக்கும். ஓட்டையை வைத்துத்தான் அங்கே ஆளை எடைபோடுவார்கள்.

“எவ்வளவு அருமையான ஸ்வெட்டர்!” என்று ஓடிவந்தார் திருமதி விட்லாக். “எத்தனை வருஷமா போடறீங்க?”

“இது எங்கப்பாவோடது மேடம்.”

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். காகித ஆலைகளும் ரயில் பாதைகளும் வைத்திருந்த குடும்பத்துக் கிழவர் ஆல்டன் கிராஃப்ட், தன் முழங்கையிலிருந்த ஒற்றை ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

“என்ன தொழில்ல இருக்கீங்க?” என்று கிழவர் மரியாதையாகக் கேட்டார்.

“இங்கதாங்க. எல்லாக் கட்டடத்துக்கும் சூடு நாங்கதான் குடுக்கறோம்.”

“ஓ, எரிசக்தி! எண்ணெயா, எரிவாயுவா?”

“தாத்தா காலத்துல நிலக்கரி. அப்பா காலத்துல எண்ணெய். இப்ப எரிவாயு.”

“மூணுலயும் சரியான நேரத்துக்கு மாறியிருக்காங்க பாத்தீங்களா!” என்று கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். “வீடு எங்க?”

“ரயில் லைனை ஒட்டி. தாத்தா கட்டினது. இன்னும் அதுலயேதான் கிடக்கோம்.”

“விக்கணும்னு தோணவே இல்லையா?”

“அதை யாருங்க வாங்குவா?”

“அதேதான், அதேதான்!” என்ற கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோலண்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறிப்போன சிப்பி சூப் ஒரு கிண்ணமும் இரண்டு காய்ந்த பிஸ்கட்டும் வைத்தார்கள். இவ்வளவு பெரிய மனிதர்கள் இதைத்தான் தின்கிறார்களா என்று அவருக்குப் பரிதாபமாக இருந்தது. அதற்குள் திருமதி விட்லாக் பேச எழுந்தார்.

“நாங்க யாருக்கும் சலுகை குடுக்கறதில்லை. திறமை, திறமை மட்டும்தான். ஆனா திறமைன்னா என்ன? இந்த இடத்துல கூச்சப்படாம நிக்கத் தெரியறது. அது மார்க்குல வராது, பரம்பரையா வரணும். என் பையனையே எடுத்துக்கங்க. கணக்குல மூணு தடவை ஃபெயில். ஆனா நம்ம காலேஜ் மணி அடிச்சா அவனுக்குத் தொண்டை அடைச்சுக்கும். அதுக்கு எந்தப் பரீட்சையில மார்க் போடுவீங்க?” கைதட்டல். “ஏழைப் பிள்ளைங்களும் இங்க வரணும்னு நாங்க மனசார நினைக்கிறோம். கண்டிப்பா வரணும். அவங்க கொள்ளுப்பேரன் காலத்துல தாராளமா வரலாம்.”

பலத்த கைதட்டல். அப்போதுதான் ரோலண்ட் சூப் கரண்டியைக் கீழே வைத்தார். தன்னை யார் என்று நினைத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது மெல்ல மெல்ல விளங்கியது. எழுந்து போய்ச் சொன்னார். “மேடம், நான் பாய்லர்ல வேலை செய்றவன். குழாய் ரிப்பேர் பண்றவன்.”

“நீங்களே கையால பண்றீங்களா! என் வீட்டுக்காரரும் அப்படித்தான், படகுக்கு அவரே பெயிண்ட் அடிப்பாரு,” என்று அவர் தோளைத் தட்டினார் திருமதி விட்லாக்.

வீட்டில் பாலினிடம் மட்டும் சொன்னார்.

“நீ பொய் ஏதாவது சொன்னியா?” என்று கேட்டாள் பாலின்.

“ஒரு வார்த்தை சொல்லலை.”

“அப்புறம் என்ன? அவங்களா ஏமாந்தா நீ என்ன பண்ணுவ? பேப்பர்லயே போட்டிருந்தான், நூத்துல நாலு எங்க, நாப்பது எங்க! வாயை மூடிட்டுச் சும்மா இரு.”

ரோலண்ட் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. உண்மையைச் சத்தமாகச் சொன்னால் பெண்ணின் இடம் போகும். சொல்லாவிட்டால் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து லாரிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த அழைப்பு நேராக எலிஸின் கைக்கே வந்தது. விண்ணப்பித்த பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை தேநீர் விருந்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் எல்டர்மியர் பொக்கிஷம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். விண்ணப்பித்த எல்லோரையும் அழைக்கிறார்கள் என்று நினைத்து அவள் சந்தோஷமாகக் கிளம்பினாள். பொக்கிஷம் என்ன கொண்டுபோவது என்றவள், தாத்தாவின் தாத்தா காலத்துப் பொருள் எதுவும் இல்லாததால், கொள்ளுத்தாத்தாவின் பெரிய குழாய் ஸ்பானரைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். ரோலண்டால் வாயைத் திறக்க முடியவில்லை.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிகள். ஒருவர் 1911ஆம் வருடப் படகுப் போட்டித் துடுப்பைக் கொண்டுவந்திருந்தார். இன்னொரு அம்மாள், கல்லூரித் தலைவரின் வீட்டுப் படியில் விழுந்து உடைந்த கொள்ளுத்தாத்தாவின் பல்செட்டைப் பட்டுத் துணியில் வைத்திருந்தாள். கிராஃப்ட் குடும்பம் மூன்று தலைமுறையும் ஒரே பாடத்தில் தோற்ற விடைத்தாள்களைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. அதற்கு முதல் மரியாதை கிடைத்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, “மணிச் சத்தத்தை முதல்ல கேட்டப்ப எப்படி இருந்தது?” என்று கேட்டார்கள். ஒரு பையன் “வயித்துல இருக்கும்போதே கேட்டேன்” என்றான். குறித்துக்கொண்டார்கள்.

“இதோ, நான்காம் தலைமுறை எல்டர்மியர் ரத்தம்!” என்று எலிஸின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார் திருமதி விட்லாக்.

எலிஸ் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, யாரு ரத்தத்தைச் சொல்றாங்க?”

எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டாள். ரோலண்டுக்குக் காது சிவந்துவிட்டது. ஸ்பானரைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

“எங்க தாத்தா இங்க படிக்கலைங்க. நிலக்கரி அள்ளினாரு. இது அவர் ஸ்பானர். எங்கப்பாவும் படிக்கலை, நானும் படிக்கலை. உங்க ரூம்ல சூடு வரலைன்னா போன் பண்ணுவீங்களே, அதை எடுக்கற ஆளு நான்.”

பிறகு கூடமே எழுந்து நின்று கைதட்டியது. “இந்தக் காலத்துல இவ்வளவு தன்னடக்கமா!” என்று கிராஃப்ட் கிழவர் மூக்கைச் சிந்தினார். ஸ்பானருக்கு நடுப் பெட்டியில் இடம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் கைதட்டாதது எலிஸ் ஒருத்திதான்.

லாரி பாதி வழி வந்ததும் எலிஸ் கேட்டாள்.

“எத்தனை நாளாப்பா தெரியும்?”

“மூணு வாரம். நான் சொன்னேன்டி. சத்தியமா மூணு தடவை சொன்னேன்.”

“அவங்களுக்குக் கேக்கற மாதிரி சொன்னியா?”

ரோலண்ட் கியரை மாற்றினார்.

“எழுதிக் குடுத்துடு. கையெழுத்துப் போட்டு. எனக்கு மார்க் இருக்கு, அது போதும்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் அழுதாள். அதை ரோலண்ட் கண்ணாடியில் பார்த்தார்.

மறுநாள் சம்பளச் சீட்டின் நகலோடு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை கேட்டது. சம்பளச் சீட்டில் தன்னடக்கம் காட்ட முடியாதல்லவா. திருமதி விட்லாக் கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று போனவருக்கு நாற்காலி போட்டார்கள்.

“எனக்குக் கோபமே இல்ல மிஸ்டர் லவோய். ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சது?”

“அப்பா... போர்மேன்கிட்டச் சொன்னாரு. என் பையன்னு.”

“அப்ப வேற யாராவது காத்திட்டிருந்தாங்களா?”

ரோலண்டுக்கு வெய்ன் பெல்க்கியின் ஞாபகம் வந்தது. பாய்லர் லைசென்ஸ் வைத்திருந்தவன், இரண்டு குழந்தைக்காரன், ஒரு வருடமாக வரிசையில் நின்றவன். பத்தொன்பது வயது ரோலண்டுக்கு அப்போது எரிகிற அடுப்புக்கும் அணைந்த அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பெல்க்கி இப்போது கார் கழுவும் இடத்தில் நிற்கிறான். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட ரோலண்ட் அவனைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது வெட்கமாக இருந்தது.

“ஒருத்தர் இருந்தாரு மேடம்.”

“பாத்தீங்களா! நீங்களும் நாங்களும் ஒண்ணுதான். நீங்க கீழ செய்றதை நாங்க மேல செய்றோம், அவ்வளவுதான். தொடர்ச்சின்னா என்னன்னு எங்க பேராசிரியர்களை விட உங்களுக்கு நல்லாப் புரியும். கவலைப்படாதீங்க, லவோய் குடும்பத்தை எல்டர்மியர் கைவிடாது.”

அவமானமும் நம்பிக்கையும் பாதிப் பாதியாக ரோலண்ட் படியிறங்கினார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி கடிதம் வந்தது. எலிஸ் நின்றபடியே சத்தமாக வாசித்தாள்.

“அன்புள்ள எலிஸ், வாழ்த்துகள்! மூன்று தலைமுறைகளாக எங்களோடு இருக்கும் உங்கள் குடும்பத்தின் தொடர்ச்சியைக் கௌரவித்து, நான்காம் தலைமுறைக்கு எல்டர்மியரில் ஓர் இடம் அளிப்பதில் மகிழ்கிறோம். உங்கள் மதிப்பெண்களைக் கண்டு வியந்தோம். உங்கள் முன்னோர் வகித்த அதே இடம், வெப்பமூட்டும் பிரிவில், ஜூன் முதல் தேதியிலிருந்து உங்களுக்காகக் காத்திருக்கிறது. வீட்டுக்கு நல்வரவு.”

பாலின் கடிதத்தைப் பிடுங்கித் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு அவள் சொன்ன வார்த்தைகளைப் பள்ளிப் பேருந்தில் எந்தக் குழந்தையாவது சொல்லியிருந்தால் நடுவழியில் இறக்கிவிட்டிருப்பாள்.

“போனாப் போகுதும்மா,” என்றார் ரோலண்ட். “மாநிலப் பல்கலைக்கழகத்துல உனக்கு இடம் குடுத்துட்டாங்களே. அங்கயும் வானாய்வு இருக்குல்ல?”

அப்போது பள்ளி ஆலோசகர் போன் செய்தார். எல்டர்மியர் ஓர் இடம் கொடுத்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. என்ன இடம் என்று பதிவதற்குக் கட்டம் இல்லை. உறுதிமொழிப்படி மற்ற விண்ணப்பங்கள் எல்லாம், கிடைத்திருந்த மாநிலப் பல்கலைக்கழக இடம் உட்பட, காலையிலேயே தானாக ரத்தாகிவிட்டன. இந்த வருடத்துக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. “எப்படியோ எல்டர்மியர் கிடைச்சிருச்சே, பெருமையா இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தார் ஆலோசகர்.

ரோலண்ட் நான்கு முறை திருமதி விட்லாக்கைப் பார்க்கப் போனார். என் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். “குடும்பத்தை யாராவது விடுவாங்களா?” என்று நான்கு முறையும் சிரித்தபடி தேநீர் கொடுத்தார் அந்த அம்மாள்.

ஜூன் முதல் தேதி எலிஸ் நீலச் சீருடை போட்டுக்கொண்டு அப்பாவோடு லாரியில் ஏறினாள். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். அந்த வருடம் வானாய்வுக் கூடத்துக்கு மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் ரேடியேட்டருக்காக. தொலைநோக்கியில் கிராஃப்ட் வீட்டுப் பேரன் கண்ணை வைத்துக்கொண்டிருந்தான். மூடியைக் கழற்ற வேண்டும் என்று அவள்தான் அவனுக்குச் சொன்னாள்.

நவம்பரில் மறுபடி விருந்து. இந்தத் தடவை அப்பாவையும் மகளையும் சீருடையிலேயே வரச் சொன்னார்கள். மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். திருமதி விட்லாக் அன்று பேத்தி டாஃப்னியையும் கூட்டிவந்திருந்தார். நான்கு வயதுக் குழந்தை, பாட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து கேக்கைப் பிசைந்துகொண்டிருந்தது.

“எல்டர்மியர் பணக்காரங்களுக்கு மட்டும்னு பேசறாங்க,” என்றார் திருமதி விட்லாக். “இதோ நிக்கறாங்களே, இதுக்கு என்ன சொல்வாங்க? மேல கீழங்கற வித்தியாசமே எங்களுக்குக் கிடையாது. நாம எல்லாரும் ஒரே குடும்பம்!” கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெரிய தோல் புத்தகத்தைத் திறந்தார். “இது இந்த வருஷத்துலேருந்து புதுசா ஆரம்பிச்சிருக்கோம், தொடர்ச்சிப் பதிவேடு. அடுத்த தலைமுறைக்கு இப்பவே இடம் போட்டு வைக்கலாம். மையில எழுதி கல்லூரி முத்திரை வெச்சிட்டா அப்புறம் யாராலயும் அடிக்க முடியாது, கல்லூரித் தலைவராலகூட முடியாது. அந்தக் கௌரவம் முதல்ல லவோய் குடும்பத்துக்குத்தான். எலிஸ், ஐந்தாம் தலைமுறைக்கு ஒரு பேர் எழுதும்மா.”

“எனக்குப் பதினெட்டு வயசுதான் மேடம். குழந்தை இல்லையே.”

“பேர் மட்டும் போதும். குடும்பத்துல ஒரு பேர்.”

ரோலண்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். தன் பெண், அவளுக்குப் பிறக்காத பிள்ளை, எல்லோரும் அந்த வரிசையில் வந்து நிற்பது போலத் தோன்றியது. எலிஸ் பேனாவை வாங்கினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. நிதானமாக எழுதினாள். பக்கத்திலிருந்த அலுவலர் படித்துப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார். அங்கே படித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. திருமதி விட்லாக் பூரித்த முகத்தோடு புத்தகத்தை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“வெப்பமூட்டும் பிரிவு. ஐந்தாம் தலைமுறை. டாஃப்னி...”

அதற்கு மேல் அவருக்குக் குரல் எழும்பவில்லை.

“விட்லாக்,” என்று எலிஸ் முடித்துவைத்தாள். “குடும்பத்துல ஒரு பேர்தானே கேட்டீங்க.”

கூட்டத்தில் கிராஃப்ட் கிழவர் மட்டும், “என்ன தன்னடக்கம்!” என்று இரண்டு தடவை கைதட்டிவிட்டு, வேறு யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திருமதி விட்லாக் புத்தகத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். “இது... இது தப்பு. இவ சின்னக் குழந்தை. இவளுக்கு என்ன வேணும்னு இவதானே...” என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

எலிஸ் சீருடை மேல்கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். “என் இடம் இப்பவே காலி மேடம். அடுத்த வருஷத்துக்கு வேற காலேஜுக்கு மனு போடணும், நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள்.

ரோலண்டுக்கு வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ சிரிப்பாகக் கிளம்பிவிட்டது, அவரால் அடக்க முடியவில்லை. மகளுக்குப் பின்னால் போகப் புறப்பட்டவர், குழந்தையின் முன் குனிந்து அதன் கன்னத்து க்ரீமைத் துடைத்துவிட்டு, பாட்டியிடம் மரியாதையாகச் சொன்னார்.

“பாப்பா பெரியவளானதும் அனுப்பி வைங்க மேடம். காலையில ஆறு மணிக்கு ஷிஃப்ட். கையுறை நாங்களே குடுத்துடுவோம்.”